முகட்டைப் பார்க்கும் மருந்துக்காரர்

மலேரியாவுக்கு மருந்தடிக்க எங்கள் குடியேற்றத்துக்கு வந்தவர்களில் அவர் ஒருவர்தான் வாசலில் பம்பை இறக்கி வைத்துவிட்டு முதலில் அண்ணாந்து கூரை முகட்டைப் பார்ப்பார். மற்றவர்கள் வந்ததும் வராததுமாக "சாமான் எல்லாத்தையும் வெளியில எடுங்கோ" என்று சத்தம் போடுவார்கள். நாங்கள் பாய், தலையணை, சட்டி பானை, சாமிப்படம் எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுபோய்க் குவிப்போம். அவர்கள் சுவரையும் கூரையையும் நனைத்துவிட்டு, கதவில் சோக்கால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விடுவார்கள். இவரோ காக்கிக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி நின்று, கூரை மரத்து வளை ஒவ்வொன்றாக, மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டு வருவார். பார்த்து முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார்.

"உங்களை விட வேற ஆர் இஞ்ச இருக்கினம்?"

முதல் தடவை இதைக் கேட்டபோது என் மாமியாருக்கு மூக்குச் சிவந்துவிட்டது.

"நான், மகன், மருமகள். வேற ஒருத்தரும் இல்லை. ஏன், எங்கடை அரிசிக் கூப்பனை வெட்டப் போறீரோ?"

"இல்லை அம்மா. உந்த வளையில கருவண்டு ஒண்டு துளைச்சுக் குடியிருக்கு. குசினி மூலையில தாள் மாதிரிக் கூடு தொங்குது, அது கொட்டுற குளவி. படியில சுள்ளெறும்பு. அவையளைக் கேட்டனான்."

மாமி என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் போன பிறகு மாமி சொன்னார்: "கொல்ல வந்தவன் குசலம் விசாரிச்சுப்போட்டுப் போறான்." அந்தப் பேச்சு வாய்க்கால் வழியே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவரைக் கண்டால் எல்லாரும் "குசலக்காரர் வாறார்" என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

இது ஐம்பதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி வாங்கி வந்த குடும்பங்களில் நாங்களும் ஒன்று. தண்ணீர் வந்தது, நெல்லும் வந்தது. நுளம்பும் மலேரியாக் காய்ச்சலும் கூடவே வந்தன. பொழுது சாயும் நேரம் பல்லுக் கிட்டும்படி குளிரும்; மூன்று போர்வை போட்டாலும் உடம்பு ஆடும்; பிறகு நெருப்பாய்க் கொதிக்கும். கொயினாக் குளிசையின் கசப்பு இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. அந்தக் காய்ச்சலில் இரண்டு தடவை என் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனது. இரண்டாவது தடவைக்குப் பிறகு மாமி என்னைத் திட்டவில்லை. பேசாமல் இருந்தார். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

டி.டி.ரி மருந்தின் பேரைச் சொன்னால் இப்போது என் பேரப்பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். பறவைக்குக் கூடாதாம், மண்ணுக்குக் கூடாதாம். அவர்கள் படித்தவர்கள், சரியாகத்தான் சொல்வார்கள். ஆனால் நான் அந்தப் பாயில் கிடந்தவள். பம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த ஒவ்வொருவரும் எனக்குச் சாமிதான்.

சாமிகளில் இந்தச் சாமி கொஞ்சம் வில்லங்கமானது. 'பூச்சி' என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. யாராவது "பூச்சி கடிச்சுப் போட்டுது" என்றால் "என்ன பூச்சி?" என்பார். "குளவி" என்றால் அதோடு விடமாட்டார். "மண்ணில கட்டுறதோ, மரத்தை மெண்டு தாள் மாதிரிக் கட்டுறதோ? இடுப்பு நூல் மாதிரியோ, தடிப்போ? கால் என்ன நிறம்?" கொட்டு வாங்கியவன் வலியில் துள்ளிக்கொண்டிருப்பான், இவர் காலின் நிறம் கேட்பார். கடுப்பில் ஒருவர், "அடுத்த முறை அதைப் பிடிச்சு வைச்சு விசாரிக்கிறன்" என்றாராம். "நல்லது, விசாரியுங்கோ" என்று இவர் முகம் மாறாமல் சொன்னாராம்.

ஆனால் கேள்வி முடிந்ததும் கைவேலை தொடங்கிவிடும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும். அதை நுள்ளி இழுக்க விடமாட்டார், நகத்தால் ஒரு பக்கமாக வழித்துவிடுவார். "நுள்ளினால் மிச்ச விஷத்தையும் நீங்களே உள்ளுக்குத் தள்ளுறியள்." குளவி என்றால் கொடுக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது தன் கொடுக்கைத் தானே கொண்டுபோய்விடும் என்பார். கறையானை யாரும் வெள்ளெறும்பு என்று சொன்னால் அவருக்குத் தாங்காது. "அது எறும்பே இல்லை, எறும்புக்கு அது சாப்பாடு" என்று வரம்பில் நின்று கால்மணி நேரம் வாதாடுவார். அந்தக் கால்மணி நேரத்துக்குள் மருந்தடிப்பை மேற்பார்க்கிற ஓவர்சியர் சைக்கிளில் வந்து சேர்ந்து ஏச்சுத் தொடங்கும். எல்லா ஏச்சையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். அடுத்த வீட்டிலும் முகட்டைத்தான் முதலில் பார்ப்பார்.

இதெல்லாம் எங்கே படித்தார் என்று என் கணவர் ஒருநாள் கேட்டார்.

"கொட்டு வாங்கிப் படிச்சனான்" என்றார். கொக்கிளாய்ப் பக்கத்து ஆள் என்பதைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது.

சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர் முல்லைத்தீவு முஸ்லிம் ஒருவர். நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கடைக்குப் பின்னால் நின்ற பாலை மரத்தில் தேனீ இருக்கிறது, கூட்டை வெட்டித் தேன் எடுக்கலாமா என்று நானா இவரைக் கேட்டிருக்கிறார். இவர் போய்ப் பார்த்து, பொந்து வாசலில் பிசினால் சின்னக் குழல் கட்டியிருப்பதைக் கண்டு, "இது கொட்டத் தெரியாத சின்னத் தேனீ நானா, வெறுங்கையாலேயே எடுக்கலாம்" என்று சொல்லி, கையை விட்டுக் காட்டினார். அடுத்த கணம் கடையில் இருந்தவர்கள் எல்லாம் வீதிக்கு ஓடினார்கள். இவருக்கு ஒரு கண் முற்றாக மூடிவிட்டது.

"கொட்டாது எண்டீரே தம்பி" என்றாராம் நானா.

"நான் சொன்னது பிழை நானா. ஒரே மரத்தில ரெண்டு குடி. மேல் வாசலைப் பாத்துப்போட்டுக் கீழ் வாசலுக்குள்ள கையை விட்டிட்டன்."

வேறொருவராய் இருந்தால் கண் வீக்கம் வற்றும்வரை வீட்டில் ஒளிந்திருப்பார். இவர் மறுநாளே வீங்கிய முகத்தோடு வேலைக்கு வந்தார். போன வீட்டிலெல்லாம், யாரும் கேட்காமலே, தான் எங்கே பிழைவிட்டேன் என்று விளக்கிக்கொண்டு திரிந்தார். ஏதோ நல்ல காரியம் நடந்துவிட்டதுபோல அவருக்கு ஒரு சந்தோஷம். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது தடவை எனக்கு நாள் தள்ளிப்போய், வயிறு தெரியத் தொடங்கிய நேரத்தில் எங்கள் படுக்கையறைச் சுவரில் ஒரு குளவி மண் கொண்டுவந்து அப்பத் தொடங்கியது. மாமி அதைக் கண்ட நாளில் என்னோடு மறுபடி பேசினார். குளவி கூடு கட்டின வீட்டில் தொட்டில் ஆடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது கொண்டுவருவது வாய்க்கால் ஓரத்துக் கருமண் என்பதால் பிறக்கப்போவது பொடியன்தான் என்று மாமி முடிவும் கட்டிவிட்டார். அந்தச் சுவரின் பக்கம் விளக்குமாறு போகக்கூடாது, சாம்பிராணிப் புகை போகக்கூடாது, நான் பலத்து இருமக்கூடாது. எனக்கு முட்டைக் கோப்பி கிடைக்கத் தொடங்கியது. குளவிக்கு நான் நன்றியாகத்தான் இருந்தேன், பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் மருந்தடிக்கிறவர்கள் வந்தார்கள். மாமி வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"இந்த முறை எங்கடை வீட்டுக்கு வேண்டாம். குளவி கூடு கட்டுது. அதைக் கொண்டால் என்ரை மருமகளின்ரை வயித்தில அடிச்ச மாதிரி."

மற்றவர்கள் ஓவர்சியரைக் கூப்பிடப் போனார்கள். சுவருக்கு மருந்து இல்லாவிட்டால் காய்ச்சல் வரும், வந்தால் இதுவும் போகும் என்று எனக்குத் தெரியும். அதை மாமியின் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. என் கணவர் கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மண்வெட்டி அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

மருந்துக்காரர் மாமியிடம் வாதாடவில்லை. "ஒருக்காப் பாக்க விடுங்கோ அம்மா" என்றார். உள்ளே வந்து சுவருக்கு முன்னால் குந்தியிருந்தார். குளவி வந்தது, போனது, மறுபடி வந்தது.

"கறுப்பு உடம்பு, மஞ்சள் கால். இது சிலந்தி பிடிக்கிற மண்குளவி."

"புழுவைக் கொண்டந்து கொட்டிக் கொட்டித் தன்ரை பிள்ளையாக்கிறது" என்றார் மாமி.

"இல்லை அம்மா. இது கொண்டுவாறது சிலந்தி. அது பிள்ளைக்குச் சாப்பாடு. அறை அறையாக் கட்டி, ஒவ்வொண்டிலயும் ஒரு முட்டை வைச்சு, சிலந்தியை அடுக்கி, மண்ணால பூசிப்போட்டுப் போயிடும். பூசின பிறகு வெளியில அடிக்கிற மருந்து உள்ளுக்குப் போகாது. கடைசி அறைதான் இன்னும் பூசேல்லை. பின்னேரம் கடைசி வீடா வாறன்."

மாமி அசையவில்லை. அவர் எழுந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கூட்டை நான் காப்பாத்துவன். ஆனா இந்தச் சுவரில நுளம்பு இருந்து தங்கச்சிக்கு மூண்டாம் தரமும் காய்ச்சல் வந்தால், குளவி வந்து பிள்ளை பெத்துத் தராது."

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. மாமி கதவை விட்டு விலகினார்.

பின்னேரம், ஓவர்சியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, தனியாக வந்தார். குளவி கடைசி அறையையும் பூசிவிட்டுப் போயிருந்தது. கூட்டின் மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துப் பிடித்து, சுற்றிவரக் களிமண் அப்பி மூடினார். களிமண் குழைத்துக் கொடுத்தது மாமிதான். பிறகு சிரட்டையைச் சுற்றி ஒரு சுளகளவு இடத்தை விட்டு, மிச்ச அறை முழுவதையும் நனைத்தார். மருந்து காய்ந்ததும் சிரட்டையை எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம் எனக்குக் காய்ச்சல் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

பிறகு ஒரு காலை மாமி கூப்பிட்ட குரலில் ஓடிப்போய்ப் பார்த்தேன். கூட்டில் வட்டமாக ஒரு துளை. அதன் வாசலில் பச்சையும் நீலமுமாக மினுங்கிக்கொண்டு ஒன்று இருந்தது. தோட்டுக் கல்லுப்போல அவ்வளவு அழகு. நான் "வடிவாக் கிடக்கு மாமி" என்றேன். மாமி சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

"தாய் கறுப்பு. பிள்ளை பச்சை. இது அதின்ரை பிள்ளை இல்லை. உள்ளுக்கு ஏதோ பூந்து மாத்திப் போட்டுது." என் வயிற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

அன்றைக்கே என் உடுப்புகள் பெட்டிக்குள் போயின. இந்த வீட்டில் மூன்றாவது தடவையும் அது நடக்கக்கூடாது, தாய் வீட்டுக்குப் போய் இரு என்றார் மாமி. கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. கிளிநொச்சிக்கு மாட்டுவண்டியில் அந்தக் கிடங்கும் பள்ளமுமான பாதையில் போய், பிறகு ரெயில் ஏறவேண்டும். வண்டியில் ஏறவே கூடாது என்று மருத்துவிச்சி அம்மா சொல்லியிருந்தார். இரண்டு தடவை இரத்தத்தைக் கண்டவள் நான். போனால் வழியிலேயே முடிந்துவிடும், முடிந்தால் திரும்ப என்னைக் கூப்பிடவும் மாட்டார்கள் என்று எனக்குள் ஒரே நினைப்பு. அந்தப் பச்சையைப் பார்த்ததிலிருந்து எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். மாமியின் நம்பிக்கையை நானும் முட்டைக் கோப்பியோடு சேர்த்துக் குடித்திருந்தேன்.

கணவரைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, "அந்த மருந்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் வந்து சொல்லட்டும். அதுக்குப் பிறகு வண்டி பூட்டுங்கோ" என்றேன். கலியாணம் முடித்து வந்த பிறகு அவரிடம் நான் கட்டாயமாகக் கேட்டது அது ஒன்றுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் சைக்கிள் பாரில் மருந்துக்காரரை ஏற்றிக்கொண்டு வந்தார்.

மாமி கேட்டார்: "தம்பி, மறைக்காமல் சொல்லும். இதுக்குள்ளயிருந்து பச்சையா வந்தது என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு பொய் சொல்லட்டும் என்று நான் எல்லாத் தெய்வங்களையும் வேண்டினேன். பிள்ளைக் குளவி பச்சையாய் இருந்து பிறகு கறுக்கும் என்று சொன்னால் போதும், மாமி நம்பிவிடுவார்.

"அது வேற குளவி அம்மா. அதுக்கு என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது, வேலை தெரியும். தாய்க்குளவியின்ரை கூட்டுக்குள்ள தன்ரை முட்டையை வைச்சிடும். இது பொரிச்சு, அந்த அறைப் பிள்ளையைத் தின்று வளரும்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரைக் கூப்பிட்டு அனுப்பிய என் புத்தியை நானே சபித்தேன்.

"ஆனா அது ஒரு அறை" என்றார் அவர். "மிச்ச அறையள் கிடக்கே. இன்னும் ஒருத்தரும் திறந்து பாக்கேல்லையே."

சுளகைக் கேட்டு வாங்கினார். கத்தி நுனியால் கூட்டைச் சுவரிலிருந்து நெம்பி, உடையாமல் சுளகில் இறக்கினார். வாசலடி வெளிச்சத்தில் நாங்கள் எல்லாரும் சுற்றிவரக் குந்தினோம். முதல் அறை துளை விழுந்தது, வெறும் கோது. அடுத்ததைத் திறந்தார். காய்ந்த சிலந்திகள்தான் இருந்தன, பிள்ளை இல்லை. "இதில முட்டை பொரிக்கேல்லை" என்று அதையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்கடுத்த அறையில் வெங்காயச் சருகுபோல மெல்லிய உறைக்குள் ஏதோ கிடந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி வெயிலுக்கு நேரே பிடித்து, மாமியைக் கிட்டக் கூப்பிட்டார்.

"உள்ளுக்குப் பாருங்கோ. இடுப்பு நூல் மாதிரி. கால் மடிச்சுக் கிடக்கு, மஞ்சள்."

மாமி வெகுநேரம் பார்த்தார். "அசையேல்லையே" என்றார்.

"இப்ப அசையாது. உயிரோட வருமோ எண்டு என்னால சொல்லேலாது. இருந்து பாருங்கோ. பாத்துப்போட்டுப் பிறகு தங்கச்சியை அனுப்பிறதை யோசியுங்கோ."

அதை ஒரு சின்ன மரக்கட்டையில் வைத்து, கண்ணாடித் தம்ளர் ஒன்றை மேலே கவிழ்த்தார். காற்றுப் போகக் கீழே ஈர்க்கு ஒன்றைச் செருகினார். எறும்பு வராமல் கட்டையோடு அதைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் தூக்கி வைத்தது மாமி. வேலைக்குத் திரும்பப் போன மருந்துக்காரரை என் கணவர் அன்றைக்குச் சாப்பிடாமல் விடவில்லை. கூனி இறால் சொதி என்றால் இன்னொரு தரம் கேட்டு வாங்குவார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தம்ளர்க் காவல்தான். பெட்டி பூட்டியபடி ஒரு மூலையில் கிடந்தது. மாமி சமைக்கும்போதுகூட நடுவில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் வற்றினால் ஊற்றுவார். ஒருநாள் தட்டின் விளிம்பில் எறும்பு ஊர்ந்தபோது, "சுள்ளெறும்பு இல்லை, கட்டெறும்பு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே தட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த மனுசி என்னை வெறுக்கவே இல்லை, போன இரண்டு பிள்ளைகளுக்காகவும் என்னைப்போலவே அழுதிருக்கிறார் என்று தம்ளருக்கு முன்னால் குந்தியிருந்த அந்த முதுகைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு விடியற்காலை அது உறையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால். தம்ளருக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியது. மாமி தம்ளரைக் கட்டையோடு முற்றத்துக்குக் கொண்டுபோய் நிமிர்த்தினார். அது வேலியைத் தாண்டி வாய்க்கால் பக்கம் போனது. மாமி உள்ளே வந்து, பெட்டியைத் திறந்து என் சேலைகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கினார்.

பிள்ளை மாசியில் பிறந்தான். எங்கள் வளவில் அன்றைக்கு நெற்கதிரைப் போட்டுச் சூடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் செத்துப்போன என் மாமனாரின் அச்சு என்றார்கள். மாமி ஆளுக்கொரு முறை அழுதார்.

அடுத்த முறை மருந்துக்காரர் வந்தபோது மாமி அவரிடமும் பிள்ளையை நீட்டி, முகச்சாயலைக் கேட்டார். "ஆற்றை சாடை தம்பி?"

அவர் தோளில் கிடந்த சாரத் துண்டில் கையைத் துடைத்துவிட்டு, பிள்ளையின் காதைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், உள்ளங்காலைக்கூட விடவில்லை. நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

"சாடை இப்ப சொல்லேலாது அம்மா. ஆனா காய்ச்சல் படாத பிள்ளை. அது வடிவாத் தெரியுது."

மாமிக்கு முகம் விழும் என்று நினைத்தேன். அவர் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, பாயையும் தலையணையையும் தானே வாரி முற்றத்தில் போட்டார். படுக்கையறைச் சுவரில் புதிதாய் ஒரு குளவி மண் அப்பத் தொடங்கியிருந்தது. காலையிலேயே எல்லாரும் கண்டிருந்தோம். அவரும் கண்டுவிட்டு, போன முறைபோலவே சிரட்டை கேட்டார்.

"வேண்டாம் தம்பி" என்றார் மாமி. "ஒரு மூலை விடாமல் அடியும். குளவி வேற சுவர் பாக்கும். என்ரை பேரனுக்கு இந்த வீடு மட்டும்தான் கிடக்கு."

அவர் பம்பைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் மகனை மடியில் வைத்துக்கொண்டு, குவிந்து கிடந்த பாய்களுக்கு நடுவில், மருந்து காயும்வரை முற்றத்தில் இருந்தேன்.